வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட்டா? முதலில் காற்றுக்கு வழி பண்ணுங்க!

நவராத்திரி நெருங்கினால் போதும். பரணில் தூங்கிய கொலு பொம்மைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும். தசரதருக்கு மூக்கில் சாயம் போயிருக்கும். செட்டியார் பொம்மையின் வேட்டி பழுப்பேறிக் கிடக்கும். "இதுக்குப் போய் ஆள் தேடணுமா? நானே அடிச்சுடறேன்!" என்று கார் ஷெட்டில் கடையை விரித்து விடுவார் வீட்டுக்காரர்.

கொலு பொம்மை மட்டுமா? மகனுக்கு மாடல் விமானம், மகளுக்குக் கைவினைப் பொருள்கள், ஓய்வு பெற்ற தாத்தாவுக்குப் பழைய ரேடியோ பெட்டி... இப்போது சின்ன கம்ப்ரஸரும் ஏர்பிரஷ்ஷும் வீடு தேடி வருகின்றன. நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் அரை மணி நேரத்தில் வீடு முழுக்க நெடி. பாட்டிக்கு இருமல். அடித்தவருக்கு இரவெல்லாம் தலைவலி. "வெயில்ல நின்னேன், அதான்" என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்து விடுகிறார். வெயில்தான் காரணமா?

மூச்சில் போவது என்ன?

ஸ்ப்ரே அடிக்கும்போது இரண்டு சமாச்சாரங்கள் காற்றில் கலக்கின்றன. ஒன்று, பனி மாதிரி பறக்கும் பெயிண்ட் துளிகள். பொம்மையில் ஒட்டியது போக மீதி, அடிப்பவர் முகத்துக்கு நேரே திரும்பி வரும். மிக நுண்ணிய துளிகள் மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய்விடும்.

இரண்டாவது, தின்னரின் ஆவி. டொலுவீன் போன்ற கரைப்பான்கள் இதில் இருக்கும். மூச்சு வழியாக ரத்தத்தில் கலந்து, நேரே மூளையைத் தொடும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கண்ணெரிச்சல் எல்லாம் அதனால்தான். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இதிலேயே புழங்கினால் ஞாபக சக்தியும் கவனமும் குறையலாம்.

இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோரமாகத் தேங்கும். அதனால்தான் தவழும் குழந்தைக்கும், தரையில் பாய் விரித்துப் படுப்பவருக்கும் பாதிப்பு அதிகம்.

"ஜன்னலைத் திறந்து வச்சு, மேலே ஃபேனையும் போட்டுட்டா போதாதா சார்?"

போதாது! மின்விசிறி காற்றைக் கலக்குமே தவிர வெளியேற்றாது. ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வீசினால், அத்தனை நெடியும் சமையலறைக்குள் போகும்.

"வேலை முடிஞ்சதும் ஒரு டம்ளர் பால் குடிச்சிடுவேன்" என்பவர்களும் உண்டு. பால் போவது வயிற்றுக்கு. ஆவி போவது நுரையீரலுக்கு. பாலும் வெல்லமும் உடம்புக்கு நல்லதுதான். ஆனால் பெயிண்ட் ஆவியை முறிக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது.

ஒரு சின்னப் பெட்டி போதும்

இதற்கு வழி, ஸ்ப்ரே பூத் எனப்படும் பெட்டி. பொம்மையில் தூசி விழாமல் இருக்கத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். தூசி அப்புறம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து, பொம்மையைத் தாண்டி, பின்னால் உள்ள விசிறி வழியாக வீட்டுக்கு வெளியே போக வேண்டும். இந்த வரிசை மாறாமல் இருந்தால் பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அளவு: கொலு பொம்மைக்கு 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 2 அடி ஆழம் போதும். முன்பக்கம் மட்டும் திறப்பு. தகர வேலை செய்பவரிடம் சொன்னால் ஜி.ஐ. ஷீட்டில் செய்து தருவார். ப்ளைவுட்டிலும் செய்யலாம். ஆனால் தகரம் தீப்பிடிக்காது, துடைப்பதும் சுலபம்.

ஃபில்டர்: பின்பக்கம் முழுவதும் ஃபில்டர் வரட்டும். பெயிண்ட் துளிகளைப் பிடிப்பதற்கென்றே கண்ணாடி நார் ஃபில்டர் கிடைக்கிறது. ஃபில்டருக்கும் விசிறிக்கும் நடுவே நான்கைந்து அங்குலம் இடைவெளி விடுங்கள். அப்போதுதான் எல்லா மூலையிலிருந்தும் காற்று சீராக இழுக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: இது துளியைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. எனவே வடிகட்டிய காற்றைத் திரும்ப அறைக்குள்ளேயே விடுவது வீண் வேலை.

விசிறி: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டியின் வாயில் காற்று நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வேகத்தில் உள்ளே போக வேண்டும். நம் பெட்டியின் வாய் 3 சதுர அடி. எனவே நிமிடத்துக்கு 300 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 510 கன மீட்டர் காற்று இழுபட வேண்டும். வாங்கும்போது விசிறியில் போட்டிருக்கும் அளவைப் பாருங்கள். ஃபில்டரும் குழாயும் காற்றைத் தடுக்கும் என்பதால், கணக்கைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு திறனுள்ளதாக வாங்குங்கள். குழாய் நீளமாக இருந்தால் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் திணறும். ப்ளோயர்தான் நல்லது.

குழாய்: ஆறு முதல் எட்டு அங்குல தகரக் குழாய். எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவும் காற்றைக் குறைக்கும். வெளி வாய் உங்கள் சமையலறை ஜன்னலுக்கோ பக்கத்து வீட்டு ஜன்னலுக்கோ எதிரே இருக்கக் கூடாது. மழைச் சாரல் படாமல் ஒரு மூடியும், அணில் நுழையாமல் ஒரு வலையும் தேவை.

உள்வரும் காற்று: வெளியே எவ்வளவு போகிறதோ அவ்வளவு உள்ளே வந்தாக வேண்டும். பெட்டிக்கு எதிர்ப்பக்கம் ஷட்டரை ஓர் அடி தூக்கி வையுங்கள். வீட்டுக்குள் போகும் கதவைச் சாத்தி, அடியில் ஒரு பழைய துணியைச் செருகி விடுங்கள்.

விளக்கை மேலே கண்ணாடிக்கு வெளியே பொருத்துங்கள். கேக் அலங்கரிக்கும் சுழல் தட்டு வீட்டில் இருந்தால் பொம்மையை அதன்மேல் வையுங்கள். பொம்மை சுற்றட்டும்; நீங்கள் சுற்றிப் போய் விசிறிக்கும் பொம்மைக்கும் நடுவே நிற்க வேண்டாம்.

ஊதுபத்தி சோதனை

பெட்டி ரெடி. வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பெயிண்ட், தின்னர், பெட்ரோல் எதுவும் அந்த இடத்தில் இல்லாத நாளில் விசிறியைப் போட்டு, ஓர் ஊதுபத்தியைப் பெட்டியின் வாயருகே நான்கு மூலையிலும் பிடியுங்கள். புகை தயங்காமல் உள்ளே போக வேண்டும். முகத்தைப் பார்த்துத் திரும்பினால் விசிறி போதவில்லை, அல்லது உள்வரும் காற்றுக்கு வழி இல்லை. வீட்டம்மாவை உள்ளே நிறுத்தி, "வாசனை வருதா?" என்று கேளுங்கள். வந்தால் குழாயின் வாயை மாற்ற வேண்டும். ஊதுபத்தியை அணைத்து அப்புறப்படுத்திய பிறகுதான் எந்த டின்னையும் திறக்கலாம்.

மாதம் ஒரு முறை இதைச் செய்யுங்கள். புகை மந்தமாகப் போனால், ஃபில்டர் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம்.

எந்தப் பெயிண்ட்?

தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயிண்ட்டே வீட்டுக்கு ஏற்றது. கொலு பொம்மைக்கு அதுவே தாராளம். அதற்கும் பெட்டியும் முகமூடியும் வேண்டும், ஆனால் ஆபத்து பல மடங்கு குறைவு.

தின்னர் கலந்த பெயிண்ட், லேக்கர், ஸ்ப்ரே டின் இவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். பல ஸ்ப்ரே டின்களில் மருந்தைத் தள்ளும் வாயுவே தீப்பிடிக்கும் ரகம். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனில் மோட்டார் காற்றின் பாதையிலேயே இருக்கிறது. ஒரு பொறி போதும்! எனவே சாதாரண விசிறி மாட்டிய பெட்டியில் தின்னர் பெயிண்ட் அடிக்காதீர்கள். ஃப்ளேம்-ப்ரூஃப் மோட்டார் இருந்தால் மட்டுமே அந்த வேலை. இல்லையா? சின்ன வேலையைக் காலையில் திறந்த மொட்டை மாடியில், காற்று முதுகிலிருந்து வரும்படி நின்று, முகமூடியோடு முடித்து விடுங்கள்.

கார் ஷெட்டில் இன்னொரு பிரச்னை. பெரும்பாலான வீடுகளில் இன்வர்ட்டர், பேட்டரி, ஸ்கூட்டர் எல்லாம் அங்கேதான். சில வீடுகளில் கேஸ் கீஸரும்! இவை இருக்கும் இடத்தில் தின்னரைத் திறக்கவே கூடாது. சாதாரண சுவிட்சைப் போட்டு அணைக்கும்போதுகூடப் பொறி எழும். பவுடர் வகை தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கார், பைக்குக்கு அடிக்கும் டூ-கே பெயிண்ட்டை வீட்டில் தொடவே தொடாதீர்கள். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. வேலையிடத்தில் ஆஸ்துமா வருவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை ஆகிவிட்டால், அப்புறம் துளியளவு பட்டாலே மூச்சு இழுக்கும். மூக்குக்கு நெடி தெரியும் முன்பே அளவு மிஞ்சியிருக்கும் என்பதால், "வாசனையே வரலையே" என்று தைரியப்படவும் முடியாது. அதற்கென முறையான பூத் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து விடுங்கள்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டும்போதும் ஜாக்கிரதை. நம் நாட்டில் வீட்டு, அலங்காரப் பெயிண்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. பாட்டி காலத்துப் பொம்மையின் சாயத்தில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்காமல், லேசாக ஈரமாக்கித் தேய்த்து, தூசியை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். களிமண் பொம்மை ஈரம் தாங்காது என்றால், சுரண்டாமல் அப்படியே மேலே பூசி விடுவதே உத்தமம்.

கைக்குட்டை முகமூடி ஆகாது

கைக்குட்டை, சர்ஜிகல் மாஸ்க் எதுவும் பயனில்லை. என்-95 மாஸ்க் துளிகளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. எனவே அக்ரிலிக்குக்கு என்-95 போதும். தின்னர் என்றால், கரைப்பான் ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துளிகளுக்கான முன் ஃபில்டரும் பொருத்திய ரப்பர் முகமூடி வேண்டும். தாடி இருந்தால் முகமூடி சரியாகப் படியாது. இடுக்கு வழியே ஆவி நுழையும். வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். திறந்தே கிடந்தால் கார்ட்ரிட்ஜ் சும்மாவே தீர்ந்து போகும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு நைட்ரைல் கையுறை அவசியம். கையில் ஒட்டிய பெயிண்ட்டைத் தின்னரால் கழுவாதீர்கள். எண்ணெய் தடவித் துடைத்து, சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள் பக்கத்திலேயே வர வேண்டாம். அடித்து முடித்த பிறகும் விசிறி இருபது நிமிடமாவது ஓடட்டும். காயும்போதும் ஆவி வரும் என்பதால் பொம்மையைப் படுக்கையறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

அவசரம் என்றால்...

கிறுகிறுத்தால் உடனே திறந்த வெளிக்கு வந்து விடுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். அடுத்த நாளும் இருமல், இழுப்பு, நெஞ்சு இறுக்கம் இருந்தால் நுரையீரல் நிபுணரைப் பாருங்கள். "பெயிண்ட் அடிச்சேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. மிச்சமான தின்னரைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று குழந்தை எடுத்துக் குடித்து விடும். அப்படி நேர்ந்தால், வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. வாந்தியின்போது தின்னர் நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். அந்த டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கொலுவுக்கு நாள் இருக்கிறது. பெயிண்ட் வாங்கப் பையை எடுக்கும் முன், எந்தச் சுவரில் விசிறி, எந்தப் பக்கம் குழாய் என்று வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பொம்மைக்கு நிறம் அதற்கப்புறம்.