அழிந்துபோகும் சாட்சி

உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் விசாரணைக்கென்று இரவில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்படுகிறான். மறுநாள் காயங்களோடு திரும்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனாகவே கீழே விழுந்தான் என்கின்றனர் காவலர்கள். அடித்தார்கள் என்கிறான் பிள்ளை. சாட்சி சொல்ல அங்கே வேறு எவருமில்லை, சுவரில் பொருத்தப்பட்ட கேமராவைத் தவிர. அது கண்டதை எத்தனை நாள் காத்து வைத்திருக்க வேண்டும்?

2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு விடையளித்தது. பரம்வீர் சிங் சைனி எதிர் பல்ஜித் சிங் என்னும் வழக்கில், நீதிபதி நாரிமன் தலைமையிலான அமர்வு, நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கேமரா வேண்டும் என்று ஆணையிட்டது. வாயில், லாக்கப், தாழ்வாரம், ஆய்வாளர் அறை என எதையும் விடாமல் படம் பிடிக்க வேண்டும். இருளிலும் காண வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். அப்பதிவை 18 மாதங்கள் காக்க வேண்டும். அவ்வளவு கொள்ளளவுள்ள கருவி சந்தையில் கிடைக்காவிடில், கிடைப்பவற்றுள் மிக அதிக காலம் காப்பதை வாங்க வேண்டும். எந்நிலையிலும் ஓராண்டுக்குக் குறையலாகாது. கருவி பழுதின்றி இயங்குவதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பாவார்.

இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமாகிய இரு வணிகர்கள் காவலர்களால் தாக்கப்பட்டு உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது என்ன? ஹார்டு டிஸ்க்கில் போதிய இடம் இருந்தது. ஆயினும் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது! புகாருக்கு ஆளாகிறவர் கையிலேயே சாட்சியும் அமானிதமாக இருக்கும்போது நேரக்கூடிய கேடு இது.

அழிப்பதற்கு எவரும் கைவைக்கவும் வேண்டியதில்லை. ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய காட்சியின் மேலேயே புதிய காட்சி பதிவாகிவிடும். கேமராக்களைக் கூட்டிவிட்டு டிஸ்க்கை மாற்றாவிட்டால் நாட்கள் இன்னும் சுருங்கும். இங்கேதான் சட்டத்தின் கணக்கும் கருவியின் கணக்கும் முரண்படுகின்றன. மனித உரிமை ஆணையத்தில் முறையிட, 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருகிறது. தகவல் உரிமைச் சட்டத்தின்படி விடையளிக்க அலுவலருக்கு 30 நாட்கள் உண்டு. உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதாயின் 48 மணி நேரம். முப்பது நாள் மட்டுமே காக்கும் கருவியாயின், விடை வருமுன்பே காட்சி போய்விடும்.

பிற நாட்டில் எப்படி? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், நகராட்சித் துறைகள் தம் வழக்கமான கண்காணிப்புப் பதிவுகளை ஓராண்டு கழிந்த பின்னரே அழிக்கலாம். அதற்கும் நகர மன்றத்தின் ஒப்புதலும் நகராட்சி வழக்கறிஞரின் எழுத்துமூல இசைவும் தேவை. வழக்கில் அது சான்றாக இருந்தால், வழக்கு முடியும்வரை தொடலாகாது. காலத்தை மட்டும் குறித்துவிட்டு நில்லாமல், அழிப்பதற்கும் அனுமதி வேண்டும் என்று வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நம் நாட்டிலோ ஆணை இருந்தும் கேமராக்கள் பல இடங்களில் இயங்கவில்லை. ராஜஸ்தானில் ஏழெட்டு மாதங்களுக்குள் பதினொருவர் காவலில் இறந்ததாக வெளிவந்த பத்திரிகைச் செய்தியைக் கண்டு, 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தானாகவே இதை மீண்டும் கையிலெடுக்க நேர்ந்தது.

எனவே உங்களுக்கோ அண்டை வீட்டாருக்கோ இத்தகைய நிலை நேர்ந்தால், முதலில் பதிவைக் காக்கும்படி எழுதிக் கொடுங்கள். படத்தின் நகலைக் கேட்பது பிறகு. உரிமை மீறப்பட்டவர் பதிவைப் பத்திரப்படுத்தக் கோரலாம் என்பதையும், அது ஆறு மாதங்களுக்குக் குறையாமல் காக்கப்படும் என்பதையும் நிலைய வாயிலிலேயே மக்கள் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்பது அதே தீர்ப்பின் ஆணை. (பதினெட்டு எங்கே, ஆறு எங்கே என்று நீங்கள் வியக்கலாம், இரண்டும் அத்தீர்ப்பிலேயே உள்ளன.) மனுவில் நாள், நேரம், நிலையத்தின் எந்த அறை என்பவற்றைக் குறிப்பிடுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் விநியோகச் சான்று பெறும் வகையில் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அதை அன்றே செய்யுங்கள். மறுநாளுக்கு ஒத்திப்போட வேண்டாம்.