அயல்நாட்டுப் பயணமும் தெருமுனைக் கடையும்



அயல்நாட்டுப் பயணம் என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதலில் எழுவன கடவுச்சீட்டு, விமானச் சீட்டு, தங்குமிடம், காணத்தக்க இடங்கள் என்பனவே. சென்றிறங்கிய மறுநாட் காலையில் ஒரு துண்டுப் பாணும் ஒரு கோப்பைத் தேநீரும் எங்கே கிடைக்கும் என்னும் வினாவைப் புறப்படுமுன் எழுப்புவோர் சிலரே. ஆயினும் பயணத்தின் செலவும் சுகமும், சில வேளைகளில் உடல்நலமுங்கூட, அவ்வினாவின் விடையையே சார்ந்து நிற்கின்றன. அவ்விடையோ, பெரும்பாலும் தங்குமிடத்துக்கு நூறு யார் தொலைவிலுள்ள ஒரு சிறு கடையில் இருக்கின்றது. அக்கடையைப் பயணிகள் எங்ஙனம் நன்கு பயன்படுத்தலாம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் வாழும் சம்மாந்துறையும், அதனை அடுத்த கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களும் வயலையும் கடலையும் நம்பி வளர்ந்தவை. இன்றோ உம்றாவுக்கென மக்கா செல்லும் முதியோர், தொழில் நாடிக் கட்டாருக்கும் சவூதிக்கும் செல்லும் இளைஞர், கல்வியின் பொருட்டு மலேசியா செல்வோர் எனப் பலரும் இவ்வூர்களிலிருந்து புறப்படுகின்றனர். புறப்படுவோரின் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் அரிசிமா, சம்பல், கருவாடு, விசுக்கோத்து, சீனி, தேயிலை என ஒரு சிறு பலசரக்குக் கடையே அங்கு இருக்கும். அன்பினால் கட்டிக் கொடுப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால், விமானக் கம்பனி அனுமதிக்கும் எடையிற் பாதியைச் சீனிக்கும் விசுக்கோத்துக்கும் கொடுப்பது எனக்கு அறிவுடைமையாகத் தோன்றவில்லை. அவை உலகெங்கும் கிடைப்பன. மேலும், சில பொருள்களை எடுத்துச் செல்வதில் ஆபத்தும் உண்டு. பலூடாவிலே நாம் இடும் கசகசா துளசி இனத்து விதை. தமிழ்நாட்டுச் சமையலில் கசகசா எனப்படுவதோ அபினிச் செடியின் விதை. அது சவூதியிலும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்ட பொருள். பெயர் ஒன்றாயிருப்பதால், எது எதுவெனத் தெரியாமல் ஒரு பொட்டலத்தைப் பெட்டியில் வைத்துவிடுதல் கூடாது.

மக்காவிலும் மதீனாவிலும் நம் யாத்திரிகர் காணும் சிறு கடைக்கு ‘பக்காலா’ என்பது பெயர். கீரை, பயறு முதலியவற்றைக் குறிக்கும் ‘பக்ல்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது அது. திருக்குர்ஆனின் பகரா அத்தியாயத்தில் அச்சொல்லை ஓதாதவர் நம்மில் இரார். ஆயினும் அக்கடையின் வாயிலிலே மொழிக்கு அஞ்சித் தயங்கி நிற்போர் பலர். அவ்வச்சத்துக்கு இடமில்லை. பொருள்கள் கண்முன்னே அடுக்கப்பட்டுள்ளன. எடுத்துக் கொடுத்துப் பணம் செலுத்துவதே வேலை. வளைகுடா நாடுகளிற் பல கடைகளில் நிற்போர் மலையாளிகள். சற்று நிறுத்திப் பேசினால் நம் தமிழை விளங்கிக்கொள்வர்.

விலையை வாசிப்பதற்கு மட்டும் ஒரு சிறு பயிற்சி வேண்டும். அரபு நாடுகளில் விலைச்சீட்டுகள் சில நாம் வழங்கும் இலக்கங்களில் இல்லாது அவர்தம் இலக்கங்களில் இருக்கும். அங்கே சிறு வட்டம் என்பது பூச்சியமன்று, ஐந்து. பூச்சியத்துக்கு அவர்கள் இடுவது ஒரு புள்ளி. நம் ஏழினைப் போலத் தோன்றுவது அவர்களுடைய ஆறு. மேல்நோக்கித் திறந்த கவை ஏழு. அதனைக் கவிழ்த்து வைத்தால் எட்டு. எழுத்தை வலமிருந்து இடமாக எழுதும் அவர்கள், எண்ணை நம்மைப் போலவே பெரிய இலக்கத்தை இடப்புறத்தில் வைத்து எழுதுகின்றனர். மதீனாவில் அச்சிடப்பெறும் குர்ஆன் பிரதிகளில் வசனங்களின் இறுதியில் வட்டத்துள் காணப்படுவன இவ்விலக்கங்களே. நாள்தோறும் அவற்றைக் கண்டுவரும் ஒருவர், கடையிலே ஐந்து றியாலைப் பூச்சியமென மயங்குவது வியப்பே. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு பேரப்பிள்ளையை அருகிருத்தி இவ்விலக்கங்களைப் பத்து முறை எழுதிப் பார்த்தாற் போதும்.

காட்டப்பட்டுள்ள விலையிலேயே வரி அடங்கியிருக்கும். 2020ஆம் ஆண்டு யூலை மாதத்திலிருந்து சவூதியில் அவ்வரி நூற்றுக்குப் பதினைந்து. ஐந்நூறு றியால் தாளை ஒரு தண்ணீர்ப் போத்தலுக்காக நீட்டுவது கடைக்காரருக்கும் இடர், நமக்கும் இடர். நாணயம் மாற்றும் இடத்திலேயே ஐந்தும் பத்துமாகச் சில தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தொழுகை நேரத்திற் கடைகளை மூடியே தீரவேண்டும் என்னும் நிலை 2021இல் தளர்த்தப்பட்டதாயினும், பள்ளிவாசலை அடுத்த கடைகள் சில இன்றும் சிறிது நேரம் மூடப்படுவதுண்டு. பாங்கொலி கேட்டபின் கடைக்கு விரைவதில் பயனில்லை.

இனி எதை வாங்குவது? இங்கேதான் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றேன். நம் யாத்திரிகருட் பலர் அறுபதைக் கடந்தவர். நீரிழிவு உடையோர் அவர்களிற் பலர். குழுவினருக்குச் சமைத்து வழங்கும் உணவு குறித்த நேரத்தில் வரும். ஆனால் கஃபாவை ஏழு முறை வலம்வந்து, பின்னர் ஸஃபாவுக்கும் மர்வாவுக்குமிடையே ஏழு முறை நடந்து முடிப்பதற்கு நேரம் குறிக்க இயலாது. அந்த ஏழு நடையின் தொலைவு மட்டும் மூன்று கிலோமீற்றருக்கு மேல். கூட்டம் மிகுந்தால் வலம்வரும் வட்டமும் விரியும். காலையில் ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு, உணவைத் தள்ளிவைத்து, இத்துணை தூரம் நடக்கும் முதியவருக்கு இரத்தத்திற் சீனியின் அளவு திடீரெனக் குறைதல் கூடும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், தலை சுற்றும், பேச்சுத் தடுமாறும். களைப்பென்று எண்ணி அவரை ஓரிடத்திற் படுக்க வைத்துவிட்டுச் செல்லுதல் பெருந்தவறு. அரைக் குவளைப் பழச்சாறோ, சில பேரீச்சம்பழங்களோ உடனே கொடுத்துப் பதினைந்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும். தெளியாவிடில் மீண்டும் கொடுக்க வேண்டும். உணர்விழந்தவர் வாயில் எதனையும் ஊற்றாது மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தெருமுனைக் கடையின் அருமை இங்கு விளங்கும். முதல் நாள் மாலையிலேயே அங்கு சென்று சிறு பழச்சாற்றுப் பெட்டிகள் இரண்டு, உப்பு விசுக்கோத்து ஒரு கட்டு வாங்கி, தோளில் மாட்டும் சிறு பையில் வைத்துக்கொள்ளலாம். செலவு மிகச் சிறிது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: நீரிழிவுக்காரர் என்பதற்காகச் சீனி நீக்கிய பானத்தைத் தேடி வாங்கிச் செல்வோர் உண்டு. நாள்தோறும் அருந்துவதற்கு அது பொருந்தலாம். சீனி குறைந்த அவ்வேளையில் அதனால் எள்ளளவும் பயனில்லை. அப்போது வேண்டுவது சீனியே. தண்ணீர்ப் போத்தலுக்கோ அதிகம் செலவிட வேண்டியதில்லை. ஹரம் பள்ளிவாசலினுள் ஸம்ஸம் நீர் இலவசமாகக் கிடைக்கின்றது; ஒரு வெற்றுப் போத்தல் கையிலிருந்தாற் போதும்.

பால் வாங்குவதிலும் கவனம் வேண்டும். ஒரே அளவான வெண்ணிறப் போத்தல்கள் இரண்டு குளிர்பெட்டியில் அருகருகே நிற்கும். ‘ஹலீப்’ என்று எழுதியிருப்பது பால். ‘லபன்’ என்று எழுதியிருப்பது மோர். லபனை வாங்கிவந்து கொதிக்கும் தேநீரில் ஊற்றி, அது திரைந்துபோகக் கண்டு கடைக்காரரைத் திட்டிய யாத்திரிகர் ஒருவரல்லர், பலர். நண்பகல் வெயிலில் நடந்து வந்தவருக்கு இனிப்பில்லாத அந்த லபனும் ஓர் அரபு ரொட்டியும் நல்ல உணவு என்பது வேறு விஷயம்.

யாத்திரிகரின் பழக்கம் பத்துப் பதினைந்து நாளோடு முடியும். தொழிலுக்குச் சென்றோருக்கு அக்கடை ஆண்டுக்கணக்கான உறவு. தொலைபேசியில் அழைத்தால் மூன்றாம் மாடிக்கும் பொருளைக் கொணர்ந்து கொடுக்கும் கடைகள் உண்டு. சம்பளநாள் வரை கடனுக்கும் கொடுப்பர். நம்மூர்க் கடைகளிற் கணக்குக் கொப்பி தொங்குவதைப் போலவே அங்கும் ஒரு கொப்பி இருக்கும். என்னிடம் பயின்ற மாணவரொருவர் கட்டாரிற் பணியாற்றிய காலத்தில், வீட்டுக்கு அனுப்பும் தொகை மாதந்தோறும் குறைந்துவரக் கண்டு, கடைக் கொப்பிக்கு எதிராகத் தாமும் ஒரு கொப்பி எழுதத் தொடங்கினார். கடைக்காரர் ஒரு சதமும் கூட்டி எழுதவில்லை என்பது முதல் மாதத்திலேயே தெளிவாயிற்று. இரவுதோறும் வாங்கிய குளிர்பானமும் சிகரெட்டுமே தம் தங்கையின் படிப்புச் செலவை விழுங்கின என்று அவர் எனக்கு எழுதினார். கடன் எளிதாகக் கிடைக்குமிடத்தில் இத்தகைய கொப்பி ஒவ்வொருவர் தலையணையின் கீழும் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு.

மேற்கிலிருந்து கிழக்கே திரும்பிச் சிங்கப்பூரைப் பார்த்தால், அங்குள்ள சிறு கடையின் பெயரே தமிழ்ப் பெயராக இருப்பதைக் காண்கின்றோம். ‘மாமாக் கடை’ என்று சீனரும் மலாயரும் அதனை அழைக்கின்றனர். கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்து வாழ்ந்த அந்நகரில், அவர்களை மாமா என அழைத்த மரியாதைச் சொல்லே கடைக்கும் பெயராயிற்று. மலாய் மொழியிலுள்ள ‘மாமாக்’ என்னும் சொல்லும் அதுவே. முன்னர்க் கட்டடங்களின் ஐந்தடி நடைபாதையில் பெட்டிக்கடையாக இருந்தது, 1960இல் நிறுவப்பெற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிகளை எழுப்பிய பின்னர் அம்மாடிகளின் கீழ்த்தளத்துக்கு இடம்பெயர்ந்தது. மிட்டாய், செய்தித்தாள், சவர்க்காரம், தலைவலித் தைலம் என அங்கு இல்லாததில்லை. பெருங்கடைகளின் போட்டியால் அவை இன்று அருகி வருகின்றன. கண்ட இடத்தில் நுழைந்து தமிழில் வழி கேட்டுப் பாருங்கள். எந்தப் பேருந்தில் ஏறுவது என்பது முதல் அருகில் தொழும் இடம் எது என்பது வரை அறிந்துகொள்ளலாம். சங்கிலித் தொடரான பெருங்கடைகளிலோ அவ்வுரையாடல் கிடையாது. அங்கு ஹலால் முத்திரையைப் பொதியின் மேல் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். கடை முஸ்லிம்கள் மிகுந்த நாட்டில் இருக்கின்றது என்பதால் அதிலுள்ள யாவும் ஹலால் ஆகிவிடா.

இச்சங்கிலிக் கடைகளின் தோற்றம் சுவையானது. குளிர்பெட்டிகள் வீடுதோறும் வாராத காலத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகரில் பனிக்கட்டி விற்ற நிறுவனமொன்று, 1927இல் தன் பனிக்கட்டிக் கிடங்கிலேயே பால், பாண், முட்டை ஆகியவற்றையும் விற்கத் தொடங்கிற்று. மற்றைய கடைகள் மூடியிருந்த மாலை வேளையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பனிக்கட்டிக்கு வந்தோர் அவற்றையும் வாங்கிச் சென்றனர். காலை ஏழு மணி முதல் இரவு பதினொரு மணி வரை திறந்திருந்தமையால் 1946இல் அக்கடைகளுக்கு ‘செவன் இலவன்’ என்னும் பெயர் ஏற்பட்டது. 1974இல் யப்பானின் தோக்கியோ நகரில் அதன் முதற்கடை திறக்கப்பட்டது. இன்று அந்நாட்டில் இத்தகைய கடைகள் ஐம்பதினாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவை இரவு பகலாகத் திறந்திருப்பன. ‘கொன்பினி’ என்று சுருக்கி அழைக்கும் அக்கடை, பாதி தபாற்கந்தோராகவும் பாதி வங்கியாகவும் இயங்குகின்றது. மின்சாரக் கட்டணம் செலுத்தலாம், பொதி அனுப்பலாம், அயல்நாட்டு வங்கி அட்டையால் பணம் எடுக்கலாம், பத்திரங்களுக்குப் படி எடுக்கலாம்.

திறன்சார் தொழிலாளரை அனுப்புதற்கென 2019இல் இலங்கையும் யப்பானும் உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், நம் இளைஞர் சிலரின் நாட்டம் அத்திசையிலும் சென்றுள்ளது. அவர்களுக்கு முதல் மாதத்தில் வரும் இடர் உணவே. கடற்பாசியிற் சுற்றிய சோற்று உருண்டை மலிவானது, வயிற்றை நிரப்புவது. ஆனால் மீன் உருண்டையெனத் தோன்றுவதிலும் மதுசாரம் கலந்த சுவைச்சாறு சேர்ந்திருக்கலாம். பாணிலே பன்றிக் கொழுப்பு இருக்கலாம். கைப்பேசியின் கமராவைப் பொதியின் மேற் பிடித்து மொழிபெயர்த்துப் பார்க்கும் வசதி இன்று உண்டு. எனினும், மின்கலம் தீர்ந்த வேளைக்கென, பன்றி, மதுசாரம் ஆகியவற்றைக் குறிக்கும் யப்பானிய எழுத்துகளை மொழி கற்பிக்கும் ஆசிரியரிடம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்கி வைத்திருப்பது நல்லது. அவித்த முட்டை, வாழைப்பழம், பால் ஆகியன எங்கும் உள்ளன.

அங்கு திகதியை ஆண்டு, மாதம், நாள் என்னும் ஒழுங்கில் எழுதுவர். சமைத்த உணவுப் பொதியில் இன்ன மணி வரை உண்ணலாம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். 2019 ஒக்ரோபர் முதல், உணவை வாங்கிக்கொண்டு வெளியேறுவோருக்கு வரி நூற்றுக்கு எட்டு. கடையினுள் அமர்ந்து உண்போருக்குப் பத்து. விலைப் பலகையிற் பெரிய எழுத்தில் இருப்பது வரி சேராத தொகையாகவும், அதன்கீழ்ச் சிறிய எழுத்தில் இருப்பது நாம் கொடுக்க வேண்டிய தொகையாகவும் இருப்பதுண்டு. தெருவிலே குப்பைத் தொட்டி காண்பது அரிது. ஆதலின், வாங்கியதன் உறையைக் கடையிலுள்ள தொட்டியிலேயே இட்டுவிட்டு வெளியேற வேண்டும். பணம் பெறும் மேசைக்குப் பின்னால் நிற்பவர் யப்பானியராகவே இருப்பார் என்பதுமில்லை. நேபாளத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ, ஒருவேளை நம் நாட்டிலிருந்தோ சென்று, கிழமைக்கு இருபத்தெட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்ய அனுமதி பெற்ற மாணவராகவும் இருக்கலாம். கூட்டமில்லாத நேரத்திற் கேட்டால், எந்த உருண்டையில் என்ன இருக்கின்றது என்பதை அவர் பொறுமையாகவே வாசித்துச் சொல்வார்.