வெயில் இருந்தும் சார்ஜ் ஏறவில்லையே, ஏன்?

ஷூட்டிங் நடக்கிற இடத்தில் நிற்கும் கேரவனை வெளியே நின்று வேடிக்கை பார்க்காதவர் நம்மில் யார்? அதே போல ஒரு வேனுக்குள் கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் அடக்கி, கூரையில் சோலார் பேனல் மாட்டி ஊர் சுற்றும் வண்டிதான் மோட்டார் ஹோம். இன்பிளாண்ட் டிரெயினிங் சமயம், கரூர்ப் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் அப்படி ஒரு வண்டி ரிப்பேருக்கு வந்தது.

வண்டிக்காரர் ரிடையர் ஆனவர். மனைவிக்குத் தினமும் இன்சுலின் ஊசி. அந்த மருந்து ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். "பகல் பூரா வெயில் அடிக்குது, கண்ட்ரோலர்ல 14.4னு காட்டுது. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபிரிட்ஜ் நின்னுடுதுப்பா. பேனலை மாத்திக் குடுத்துடுங்க" என்றார். மேஸ்திரி, "தம்பி, நீ டிப்ளமோதானே? பாரு" என்று மல்டிமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சிஸ்டம் ரொம்ப சிம்பிள். 100 வாட் பேனல் இரண்டு, பேரலல் கனெக்‌ஷன். டிரைவர் தலைக்கு மேலே பி.டபிள்யூ.எம். வகை சார்ஜ் கண்ட்ரோலர். பின் சீட்டுக்கு அடியில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி. ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம்தான் ஓடும் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 48 ஆம்பியர்-அவர்.

எல்லோரும் முதலில் பேனலைத்தான் சந்தேகப்படுகிறோம். நானும் அப்படித்தான் கூரை ஏறினேன். ஒயரைக் கழற்றி அளந்தால் ஓப்பன் சர்க்யூட்டில் 21 வோல்ட். 36 செல் பேனலுக்கு அது சரியான அளவு. உச்சி வெயிலில் இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியருக்கு மேல் கொடுத்தன. காற்றுப்போக்கியின் நிழல் விழுகிறதா என்றும் பார்த்தேன், இல்லை. (செல்கள் எல்லாம் சீரிஸ் என்பதால் ஒரு மூலையில் விழும் சின்ன நிழல்கூட பேனலில் பாதியைப் படுக்க வைத்துவிடும். மறக்காதீர்கள்.)

அடுத்தது பேட்டரி. மறுநாள் காலை, லோடு எல்லாம் நிறுத்திச் சில மணி நேரம் கழித்து 11.9 வோல்ட். முழு சார்ஜில் 12.7, பாதியில் 12.2 இருக்க வேண்டும். ஹைட்ரோமீட்டரும் 1.160, 1.170 என்றே காட்டியது. ஆக, பேனல் கொடுக்கிறது, பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் எங்கே போகிறது?

மதியம் சார்ஜ் ஏறும்போதே இரண்டு இடத்தில் அளந்தேன். கண்ட்ரோலரின் பேட்டரி டெர்மினலில் 14.4. பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே மீட்டரை வைத்தால் 13.2! 1.2 வோல்ட்டைக் காணோம்.

நாம் முதல் வருஷத்தில் போட்ட கணக்குதான். கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 6 மீட்டர். போக வர 12 மீட்டர். போட்டிருந்தது 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர், கிலோமீட்டருக்கு 7.4 ஓம். ஆக 0.089 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 0.9 வோல்ட் ஒயரிலேயே போச்சு. பாக்கி 0.3 வோல்ட், பச்சை பூத்துப்போன ஃபியூஸ் ஹோல்டரில்.

230 வோல்ட் லைனில் 1 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே கதை வேறு. கண்ட்ரோலர் தன் டெர்மினலில் இருப்பதை மட்டுமே பார்க்கிறது. 14.4 வந்ததும் 'பேட்டரி நிறையப்போகிறது' என்று நினைத்துக் கரண்ட்டைக் குறைக்க ஆரம்பித்துவிடும். கரண்ட் குறைந்தால் ஒயரில் இழப்பும் குறையும், எனவே பேட்டரி என்றைக்காவது நிறையத்தான் செய்யும். ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறதே! இப்படி தினமும் அரை வயிற்றோடு கிடக்கும் பேட்டரியில் தகடுகளின் லெட் சல்பேட் இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது.

மேஸ்திரி தடித்த ஒயர் இழுக்கலாம் என்றார். 10 ஸ்கொயர் போட்டால் ஒயர் இழப்பு 0.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். தப்பில்லை, ஆனால் செலவு. நான் வேறு யோசனை சொன்னேன்: "அண்ணே, கண்ட்ரோலரையே பேட்டரி பக்கத்துல கொண்டுபோயிடலாம்." அப்போது நீள ஒயர் பேனல் பக்கம் வந்துவிடும். பேனல் 18 வோல்ட்டில் வேலை செய்யக்கூடியது. கூரைச் சூட்டில் 16க்கு இறங்கினாலும், 14.4 உடன் 0.9 சேர்த்தால் 15.3தானே. அதே ஒயர், அதே இழப்பு, ஆனால் பேட்டரிக்கு நஷ்டமில்லை. பேட்டரி அமிலப் புகை நேராகப் படாதபடி பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் மாட்டினோம். புது ஃபியூஸ் ஹோல்டரை பேட்டரியை ஒட்டியே வைத்தோம். ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளுவது பேட்டரிதான்.

கழற்றும்போது பேனல் ஒயரை முதலில், பேட்டரியைக் கடைசியில்; மாட்டும்போது நேர்மாறாக. மாற்றிச் செய்தால் பேட்டரி இல்லாத கண்ட்ரோலர் மேல் பேனலின் முழு வோல்ட்டேஜும் ஏறும். இன்னொன்று, லித்தியம் பேட்டரி வண்டி வந்தால் இந்த 12.7, 12.2 கணக்கை அங்கே போடாதீர்கள். அது பெரும்பகுதி நேரம் 13.2 பக்கத்திலேயே நிற்கும், வோல்ட்டைப் பார்த்து சார்ஜைச் சொல்ல முடியாது.

ஒரு வாரம் கழித்து வண்டி திரும்ப வந்தது. ஃபிரிட்ஜ் விடிய விடிய ஓடுகிறதாம். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல் 1.250க்கு மேல் ஏறியிருந்தது. ஆறாவது 1.200ஐத் தாண்டவில்லை. பேனல் செலவு மிச்சம், ஆனால் அடுத்த கோடைக்குள் பேட்டரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவரிடம் சொல்லி அனுப்பினோம்.