வெள்ளத்தில் நின்ற கார்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

பதறாத காரியம் சிதறாது என்பது நம் நாட்டுப் பழமொழி. வெள்ளத்தில் அகப்பட்ட காரைப் பொறுத்தவரை இது முற்றிலும் உண்மை. தண்ணீர் செய்யும் கேட்டைக் காட்டிலும், தண்ணீர் வடிந்தபின் நம் அவசரம் செய்யும் கேடே பல வேளைகளில் பெரிதாகி விடுகிறது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நாம் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கரை புரண்டது. வெள்ளம் வடிந்தபின், என் தந்தையார் மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் வாசலில் சாலை ஓரம்வரை கார்கள் நின்றன. அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். வந்தவர்களிடம் எல்லாம் அவர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "சாவி போட்டீங்களா?" அக்கேள்வியின் காரணத்தை இயற்பியலின் துணையோடு இங்கே விளக்க முயல்கிறேன்.

சாவியைத் தொடாதீர்கள்

எஞ்சின் சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. மேலே வரும்போது உள்ளிருக்கும் காற்றை அழுத்துகிறது. பெட்ரோல் எஞ்சினில் அந்தக் காற்று ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் அடங்கும். டீசல் எஞ்சினில் இன்னும் குறுகிய இடத்துக்குள் அடங்கும். காற்று இவ்வாறு சுருங்கும், தண்ணீர் சுருங்காது. நீரின் கன அளவில் நூற்றில் ஒரு பங்கைக் குறைப்பதற்கே வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கு மேல் அழுத்தம் தேவை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1200 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு பிஸ்டனும் கடக்கும் இடம் 300 சி.சி. அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 சி.சி. மட்டுமே. ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி அளவு! அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால், பிஸ்டன் உச்சியை எட்டுமுன் சுவரில் மோதியதுபோல் நின்றுவிடும். அந்த வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடு எஞ்சின் பிளாக்கையே உடைப்பதும் உண்டு.

ஆகவே, நீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. தள்ளி ஸ்டார்ட் செய்வதும், கியரில் வைத்துக் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. சக்கரம் சுழன்றால் எஞ்சினும் சுழலும் அல்லவா? சக்கரங்கள் தரையில் படாமல் ஏற்றிச் செல்லும் வண்டியில் கொண்டு போவதே நல்லது. ஓடும் கார் தண்ணீருக்குள் தானாக நின்றுவிட்டாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இறங்கிவிட வேண்டும்.

பேட்டரியும் எண்ணெயும்

தண்ணீர் வடிந்து, காரை நெருங்குவது பாதுகாப்பு என்று தெரிந்தபின் முதல் வேலை பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. வெள்ள நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். மின்னோட்டம் இருக்கும்வரை நனைந்த இணைப்புகளில் செம்பு வேகமாக அரிக்கும். எதிர் முனையை முதலில் கழற்ற வேண்டும். காரின் உடல் முழுவதும் எதிர் முனையோடு இணைந்திருப்பதால், நேர் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

அடுத்து, எண்ணெய் அளக்கும் குச்சியை உருவிப் பார்க்கலாம். எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். நீரைவிட எண்ணெய் லேசானது. எனவே கலக்காத நீர் அடியில் தங்கும். எண்ணெய் பம்பு உறிஞ்சுவதோ அடியிலிருந்துதான்! நீர் புகுந்த எண்ணெயை வடித்து, பில்டரையும் மாற்ற வேண்டும். பிறகு மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே சிலிண்டர் நீரை வெளியேற்றுவார். பெட்ரோல் டாங்கிலும் நீர் அடியில் தங்கும் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும்.

மின்சாரக் கார் வைத்திருப்போர் இந்த வேலைகளில் இறங்கவே கூடாது. அதன் பெரிய பேட்டரி பல நூறு வோல்ட் கொண்டது; ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடுவது உயிருக்கு ஆபத்து. பயிற்சி பெற்றவர்களை அழைப்பதே வழி.

எதுவரை நனைந்தது?

தரை விரிப்புவரை மட்டும் நனைந்த கார் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். விரிப்புகளையும் அடியிலுள்ள மெத்தைகளையும் எடுத்து உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், தகடு துருவேறும். இருக்கைவரை ஏறினால் வயர்களும், பல கார்களில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் நனையும். டாஷ்போர்டுவரை ஏறிவிட்டால், பழுது பார்க்கும் செலவு காரின் மதிப்பையே தொட்டுவிடக்கூடும். கடல்நீர் கலந்திருந்தால் அரிப்பு இன்னும் விரைவாகும்.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு பிறருக்கு நேரும் இழப்புக்கு மட்டுமே. நம் காரின் வெள்ளச் சேதத்துக்கு அதில் ஒரு காசும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால், நீர் புகுந்த எஞ்சினை இயக்கியதால் நேர்ந்த சேதத்தைப் பொதுவாக நிறுவனங்கள் ஏற்பதில்லை. அதற்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை முன்பே எடுத்திருக்க வேண்டும். நீர் நின்ற அடையாளம் தெரியும்படி படம் எடுத்து, பழுது பார்க்குமுன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

அந்த வாரம் வந்த இரண்டு வாடகைக் கார்களைச் சொல்ல வேண்டும். இரண்டிலும் இருக்கைவரை தண்ணீர் ஏறியிருந்தது. ஒன்றை அதன் ஓட்டுநர் தொடாமல் விட்டு, ஏற்றி வந்தார். சில வாரங்களில் அது மறுபடி சவாரிக்குப் போயிற்று. மற்றொருவர் தண்ணீர் வடிந்த அன்றே சாவியைத் திருப்பிவிட்டார். ராடு வளைந்தது, காப்பீட்டிலும் எஞ்சினுக்குப் பணம் வரவில்லை. காரை வந்த விலைக்கு விற்றுவிட்டு, இன்று அவர் பிறர் காரை ஓட்டுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது வண்டி ஓடுமா என்று பார்க்கத் துடிப்பது இயல்பே. ஓட்டப் பழகியபோதும், கடன் கொடுத்தபோதும், காப்பீடு எழுதியபோதும் இந்த ஒரு செய்தியை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் கார் இல்லை. ஆனால் கார் ஓட்டிப் பிழைக்கும் மாமாவோ அண்ணனோ, பக்கத்து வீட்டுக்காரரோ நமக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. அடுத்த மழைக்கு முன், காப்பீட்டுத் தாளை எடுத்து அவர்களுக்கு வாசித்துக் காட்டுவோம். நீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பக் கூடாது என்பதையும், ஏன் திருப்பக் கூடாது என்பதையும் எடுத்துச் சொல்வோம். காரணம் தெரிந்தவர் அவசரத்திலும் நிதானம் இழக்க மாட்டார். நாம் கற்ற கல்வி நம் தெருவுக்குப் பயன்பட இதைவிட எளிய வழி வேறில்லை.