தமிழ்நாட்டு ஜமீன் குடும்பங்கள்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலவரி தண்டும் உரிமையைப் பரம்பரையாகப் பெற்றிருந்தவர்கள் ஜமீன்தார்கள். 1948 ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இவ்வுரிமையை நீக்கியது. எனினும் கோயில், திருவிழா, தேர்தல் ஆகியவற்றின் வழியாக இக்குடும்பங்கள் சில பொதுவாழ்வில் தொடர்ந்தன.

தோற்றம்

மதுரை நாயக்கர் காலத்தில் நாடு 72 பாளையங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது என்பது மரபு. பாளையக்காரர்கள் படை வைத்திருந்தனர், ஊர்க்காவல் செய்தனர், வரி தண்டினர். 1801 இல் பாளையக்காரர் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் படையும் கோட்டையும் போயின. பாளையங்கள் பல ஜமீன்களாக மாற்றப்பட்டன. ஜமீன்தார் குடியானவரிடம் மேல்வாரம் பெற்று, அரசுக்குப் 'பேஷ்குஷ்' என்னும் நிலையான தொகையைச் செலுத்தினார்.

கொடையும் குடியானவரும்

சுவாமி விவேகானந்தரின் 1893 ஆம் ஆண்டுச் சிகாகோ பயணத்தை ஊக்குவித்தவர் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. 1901 இல் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். தமிழுக்குப் பெருந்தொண்டு செய்த இக்கொடைகளுக்கு அடிப்படையாக இருந்தது குடியானவர் செலுத்திய வாரமே. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் அது அவர்களுக்குப் பெருஞ்சுமையானது.

ஒழிப்பு

1948 ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜமீன் நிலங்களை அரசு மேற்கொண்டு, ஜமீன்தார்களுக்கு இழப்பீடு வழங்கியது. உரிமை மெய்ப்பித்த குடியானவர்கள் இரயத்துவாரிப் பட்டா பெற்று, நேரடியாக அரசுக்கு வரி செலுத்தினர். புதுக்கோட்டையின் நிலை வேறு. அது ஜமீன் அன்று, சுதேச சமஸ்தானம். 1948 இல் இந்தியாவுடன் இணைந்த அதன் மன்னருக்கு மானியம் இருந்தது. இந்திய மன்னர்களின் மானியம் 1971 இல் ஒழிக்கப்பட்டது.

தேர்தல் அரசியல்

சட்டம் வருமுன்னரே வாக்குச்சீட்டு ஜமீன்களை அசைத்தது. 1937 தேர்தலில் இராமநாதபுரம் மன்னரைப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் தோற்கடித்தார். ஆனால் அதே குடும்பத்தின் சண்முக ராஜேசுவர சேதுபதி 1952 இல் சட்டமன்றம் சென்று, இராஜாஜி அமைச்சரவையில் இடம்பெற்றார். பிறப்பால் வந்த செல்வாக்கு வாக்காளரின் ஒப்புதலைத் தேட வேண்டிய காலம் அது.

கோயில் மரியாதை

இராமநாதபுரம், சிவகங்கை அரச குடும்பங்கள் தேவஸ்தானக் கோயில்களின் பரம்பரை அறங்காவலர்களாக விளங்குகின்றன. திருநெல்வேலி மாவட்டம் சிங்கம்பட்டியின் முருகதாஸ் தீர்த்தபதி, முடிசூட்டப்பட்ட கடைசி ஜமீன்தாராகக் கருதப்படுகிறார். ஆடி அமாவாசையன்று சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவர் அரச உடையில் காட்சி தருவது வழக்கமாக இருந்தது. அவர் 2020 இல் காலமானார். அந்த ஜமீன் 1929 இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட காட்டில்தான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் உருவானது. ஜமீன் ஒழிந்தபின்னும் அக்குத்தகை நீடித்தது.

பிரித்தானியப் பிரபுக்களுடன் ஒப்பீடு

பிரித்தானியாவில் இத்தகைய நில ஒழிப்புச் சட்டம் வரவில்லை. 1911 ஆம் ஆண்டுச் சட்டம் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைத்தது. 1999 ஆம் ஆண்டுச் சட்டம் 92 பேர் தவிர ஏனைய பரம்பரை உறுப்பினர்களை நீக்கியது. மரண வரியால் நெருக்கடிக்குள்ளான குடும்பங்கள் பல தம் மாளிகைகளை விற்றன. சில பார்வையாளர்களுக்குத் திறந்துவிட்டன. ஆயினும் பெருநிலங்கள் பல இன்றும் பிரபுக் குடும்பங்களிடமே உள்ளன. அங்கே அதிகாரம் படிப்படியாகக் குறைந்தும் நிலம் நின்றது. இங்கே நிலம் ஒரே சட்டத்தால் போயிற்று, கோயில் மரியாதை நின்றது.