சைக்கிளுக்கும் வரிக்குதிரைக்கும் நடுவே

மேய்ந்துகொண்டிருந்த வரிக்குதிரைகள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அவற்றுக்கும் என் சைக்கிளுக்கும் நடுவே முப்பது, நாற்பது மீட்டர் இருக்கும். கண்ணாடி இல்லை, கதவு இல்லை, எஞ்சின் சத்தம் இல்லை. பிரேக்கைப் பிடித்தேன். கூட வந்த வழிகாட்டி தணிந்த குரலில், "இறங்க வேண்டாம். ஒரு காலை ஊன்றி அப்படியே நில்லுங்கள். பேசாதீர்கள்" என்றார். முன்னால் நின்ற ஒன்றின் காதுகள் இரண்டும் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. அது ஒரு முறை செருமியது. பிறகு மறுபடியும் புல்லில் வாய் வைத்தது. எங்களுக்கு வழி கிடைத்துவிட்டது.

கென்யாவில், நைரோபியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தொலைவில், நைவாஷா ஏரிக்குத் தெற்கே இருக்கிறது ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்கா. பெயருக்குப் பொருள் 'நரகத்தின் வாசல்'. 1984இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 68 சதுர கிலோமீட்டர்தான். ஆப்பிரிக்கக் கணக்கில் கையளவு. பல பெரிய பூங்காக்களில் நினைத்த இடத்தில் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. இங்கே வாசலில் வாடகைக்கு சைக்கிள் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம், நடந்தும் போகலாம். யானை கிடையாது, நிலையாகத் தங்கும் சிங்கக் கூட்டமும் கிடையாது என்பதுதான் காரணம். சிறுத்தை உண்டு, ஆனால் பகலில் கண்ணில் படுவது அரிது. உண்மையில் பயப்பட வேண்டியது எருமைக்குத்தான், அதிலும் கூட்டத்தைவிட்டுத் தனியே திரியும் கிழட்டுக் கடாவுக்கு. ஆகவே தார் இல்லாத மண்சாலையைவிட்டு விலகக் கூடாது என்பது முதல் விதி.

அந்த முப்பது, நாற்பது மீட்டருக்கு அறிவியலில் ஒரு பெயர் உண்டு. ஒரு விலங்கு, தன்னை நெருங்கும் ஆபத்தை எவ்வளவு தூரம்வரை பொறுத்துக்கொள்கிறதோ அதை 'ஓட்டத் தொலைவு' என்று சொல்லலாம். சுவிட்சர்லாந்தின் விலங்கியலாளர் ஹைனி ஹெடிகர் விரிவாக ஆராய்ந்த கருத்து இது. ஓடுவதென்றால் விலங்குக்குச் செலவு. மேய்ச்சல் போகும், உடல் வலு போகும். ஓடாமல் நின்றால் உயிரே போகலாம். இந்த இரண்டையும் எடைபோட்டு அது வைத்துக்கொள்ளும் எல்லைதான் அந்தத் தொலைவு. வேட்டை நடக்கும் இடத்தில் அது நீளும், தொந்தரவு செய்யாத மனிதர்கள் தினமும் வந்துபோகும் இடத்தில் சுருங்கும். ஜீப்பில் இருப்பவருக்கு இது புரியாது. பல விலங்குகள் ஜீப்பைப் புகையும் சத்தமும் விடும் ஒரு பெரிய பொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் மனிதர்களைத் தனியே பிரித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. சைக்கிளில் வருபவனோ இரண்டு கால், இரண்டு கை, முகம் எல்லாம் தெரிய வருகிறான். அவனை அவை கணக்கில் எடுக்கின்றன.

எப்படிக் கணக்கில் எடுக்கின்றன என்பதைக் காட்டிய, தென்னாப்பிரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று என்னை உலுக்கியது. லியானா ஜானெட் என்ற சூழலியலாளரின் குழு, குரூகர் தேசியப் பூங்காப் பகுதியின் நீர்நிலைகளில் கேமராக்களோடு ஒலிபெருக்கிகளையும் பொருத்தியது. தண்ணீர் குடிக்க வந்த விலங்குகளுக்குச் சிங்கத்தின் உறுமலும், நாய்க் குரைப்பும், துப்பாக்கிச் சத்தமும், மனிதர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் குரலும் மாறிமாறிக் கேட்டன. 2023இல் முடிவு வெளியானது. சிங்கத்துக்கு ஓடியதைவிட மனிதக் குரலுக்கு ஓட அவற்றுக்கு இரண்டு மடங்கு வாய்ப்பு இருந்தது. தண்ணீரைவிட்டு 40 சதவீதம் வேகமாக அகன்றன. ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம், யானை என்று கிட்டத்தட்ட எல்லா இனங்களும் இப்படித்தான். யாரும் கத்தவில்லை, மிரட்டவில்லை. வெறும் பேச்சுக் குரல். 'பேசாதீர்கள்' என்று வழிகாட்டி சொன்னதன் முழு எடையும் அப்போதுதான் தெரிந்தது.

போகும் வழியெல்லாம் அவர் சுவாஹிலிப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒட்டகச்சிவிங்கி 'ட்விகா', காட்டுப்பன்றி 'ங்கிரி'. வரிக்குதிரை 'புண்டா மிலியா', அதாவது வரி போட்ட கழுதை. நாம் குதிரை என்கிறோம், அவர்கள் கழுதை என்கிறார்கள். மரபணு ஆய்வு இதில் சுவாஹிலியின் பக்கம்தான் நிற்கிறது. குதிரையின் கிளை சுமார் 40 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது. வரிக்குதிரையும் கழுதையும் அதற்குப் பின்னால் வந்த இன்னொரு கிளையின் பிள்ளைகள்.

வாசலைத் தாண்டியதும் வரும் ஃபிஷர் கோபுரம், எரிமலைக் குழாயில் இறுகிய பாறை. சுற்றியிருந்த மென்மையான சாம்பல் கரைந்துபோக அது மட்டும் ஒற்றைத் தூணாக, சுமார் 25 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. 1883இல் இந்தப் பக்கம் வந்த ஜெர்மானியர் குஸ்டாவ் ஃபிஷரின் பெயர் அதற்கு. அதற்கு முன்பே மாசாய் மக்களிடம் அதற்கு ஒரு கதை இருந்தது: மணமகன் வீட்டுக்குப் போகும் வழியில், கூடாது என்று சொல்லியும் பிறந்த வீட்டைத் திரும்பிப் பார்த்த பெண், கல்லாகிவிட்டாள் என்று.

அந்தப் பாறை இடுக்குகளில் முயல் அளவில், பழுப்பு நிறத்தில், வாலே இல்லாத பிராணிகள் வெயில் காய்ந்தன. ஹைராக்ஸ். பார்த்தால் எலிக் குடும்பம் என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் இதற்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவினர்கள் யானையும் கடல்பசுவும். மேல் வரிசையின் வெட்டுப்பற்கள் யானைத் தந்தம்போல வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். யானையே இல்லாத பூங்காவில் யானையின் உறவு பாறைமேல் உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறது!

சாலையின் இரு பக்கமும் செம்பாறைச் சுவர்கள் எழுகின்றன. அவற்றில் சுண்ணாம்பு ஊற்றினாற்போல வெள்ளைக் கறைகள். அவை பாறு எனும் பிணந்தின்னிக் கழுகுகளின் எச்சம். ரூப்பெல் பாறுகள் இந்தப் பாறை விளிம்புகளில் கூடு கட்டி, ஒற்றை முட்டை இடுகின்றன. 1973இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகருக்கு மேலே சுமார் 11,300 மீட்டர் உயரத்தில் ஒரு பயணிகள் விமானத்தின் எஞ்சினில் சிக்கியது இந்த இனப் பறவைதான். பறவை ஒன்று பறந்ததற்கான பதிவுகளில் அதுவே மிக உயரமானது. அந்த மெல்லிய காற்றிலும் ஆக்சிஜனைப் பற்றும் ஹீமோகுளோபின் அதன் ரத்தத்தில் உண்டு. அப்படிப்பட்ட பறவை இன்று அழிவின் விளிம்பில் என்ற பட்டியலில் இருக்கிறது. இந்தியாவில் பாறுகளைக் கொன்றது மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து. ஆப்பிரிக்காவில் நேரடியான விஷம். மாட்டை அடித்த சிங்கத்தைப் பழிவாங்க, மேய்ப்பர்கள் செத்த மாட்டில் பூச்சிக்கொல்லி தடவி வைக்கிறார்கள். பாறுகள் கூட்டமாக வந்து தின்று சாகின்றன. யானைத் தந்தம் திருடுபவர்களோ, வானத்தில் வட்டமிடும் பாறுகள் தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்றே விஷம் வைக்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தபோது தலைக்கு மேல் ஐந்து பாறுகள். எண்ணி முடிக்க முடிந்த எண்ணிக்கையாக இருந்தது வலித்தது.

சுமார் 8 கிலோமீட்டர் மிதித்தால் ஓல் ஞோரோவா இடுக்குப் பள்ளத்தாக்கு. இங்கே சைக்கிளைச் சார்த்திவிட்டு இறங்கினோம். சில இடங்களில் இரு கைகளையும் விரித்தால் இரு சுவர்களையும் தொடலாம். இன்றைய நைவாஷா ஏரிக்கு ஆறாக வெளியேறும் வழி கிடையாது. ஆனால் சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், கிழக்கு ஆப்பிரிக்கா இன்றைவிட மழை மிகுந்து இருந்தபோது, ஏரி பல மடங்கு பெரிதாகி இந்த வழியே தெற்கே வழிந்தது. இந்தப் பள்ளத்தாக்கை அறுத்தது அந்தத் தண்ணீர். வளைந்து நெளியும் சுவரில் கை வைத்துக்கொண்டு நடந்தால், நீர் சுழன்ற இடமெல்லாம் விரலுக்குத் தெரிகிறது.

ஓரிடத்தில் சுவரிலிருந்து வெந்நீர் கசிகிறது. இது ஆப்பிரிக்கக் கண்டம் இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்கு. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் இரு பக்கமும் விலகுகின்றன, நடுவே புவியின் மேலோடு மெலிந்து, பாறைக் குழம்பு மேலே நெருங்கி நிற்கிறது. மழைநீர் விரிசல்கள் வழியே இறங்கி, கொதித்துத் திரும்புகிறது. அந்த நீராவியைப் பிடிக்க இந்தப் பகுதியின் ஒல்காரியாவில் 1956இல் முதல் துளைகள் போட்டார்கள். 1981இல் 15 மெகாவாட் எந்திரம் ஓடத் தொடங்கியது. இன்று கென்யாவின் மின்சாரத்தில் மிகப் பெரிய பங்கு புவிவெப்பத்திலிருந்து வருகிறது. நிலக்கரிப் புகை இல்லாத மின்சாரம். அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் பூங்காவுக்குள்ளேயே நீராவிக் குழாய்கள் ஓடுகின்றன. ஒட்டகச்சிவிங்கி கடந்துபோக அவற்றைச் சில இடங்களில் வளைவாக உயர்த்தியிருக்கிறார்கள். ஒல்காரியாவின் நான்காம் மின்நிலையத்துக்காக 2014இல் மாசாய் குடும்பங்களை வேறிடத்துக்கு அனுப்பினார்கள்; கடன் கொடுத்த வங்கிகள்வரை அவர்கள் முறையிட்டார்கள். ஒட்டகச்சிவிங்கிக்குக் கொடுத்த வளைவு மனிதர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த இடுக்குப் பள்ளத்தாக்கு இன்றும் மழைநீரின் பாதைதான். மேலே மலைகளில் மழை கொட்டினால், இறுகிய எரிமலைப் பாறையும் சரிவும் அதை உறிஞ்சாமல் அப்படியே இடுக்குக்குள் தள்ளிவிடுகின்றன. நிற்கும் இடத்தில் வானம் வெளுத்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். 2012 ஏப்ரலில் இங்கே ஏழு பேர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். 2019 செப்டம்பரில் மறுபடியும் ஏழு பேர். அவர்களில் ஒருவர் உள்ளூர் வழிகாட்டி.

அங்கே போகும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், சாலையில் குரலைத் தணித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கு திறந்திருந்தால், இறங்கும் முன் காவலரிடம் 'மலையில் மழையா?' என்று கேளுங்கள். ஆம் என்றால் இறங்காமல் சைக்கிளைத் திருப்புங்கள். திரும்பும் எட்டு கிலோமீட்டரும் வரிக்குதிரைகள் இருக்கும்.