காவலும் பணயமும்

2011ஆம் ஆண்டு ஏப்பிரல் 22ஆம் நாள் கிறிஸ்தவ மக்கள் பெரிய வெள்ளியை அனுட்டித்தனர். அன்று சிரியா நாட்டின் பல நகரங்களில் நண்பகல் தொழுகை முடிந்து வீதிக்கு வந்த மக்கள், தம் கிளர்ச்சிக்கு இட்ட பெயரும் 'பெரிய வெள்ளி' என்பதே. இப்போராட்டம் உங்களுக்கும் உரியது என்று அயலில் வாழும் கிறிஸ்தவருக்குச் சொல்லாமற் சொல்லிய அழைப்பு அது. அன்று ஒரே நாளில் ஏறத்தாழ நூறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். யூன் 17ஆம் நாளின் கிளர்ச்சிக்கு, முன்னாளிற் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் போராடிய அலவித் தலைவர் சாலிஹ் அல்அலியின் பெயர் சூட்டப்பட்டது.

அழைப்புக்குக் கிடைத்த விடை யாது? இஸ்மாயிலியர் செறிந்து வாழும் சலமியா நகரம் தொடக்கத்திலேயே எழுந்தது. ஆனால், சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தோருட் பெரும்பாலோர் கதவைத் தாழிட்டு உள்ளேயே இருந்தனர். அரசின் பக்கம் நின்றோரும் பலர். அவர்கள் அவ்வாறு நின்றதேன் என்ற வினா, இன்றும் அச்சமூகங்களின் உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

சுன்னி முஸ்லிம்கள் பெரும்பான்மையோராய் உள்ள சிரியாவில் அலவியர், கிறிஸ்தவர், துரூசியர், இஸ்மாயிலியர் முதலியோர் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகின்றனர். பவுலடியார் பார்வை பெற்ற தமஸ்குவே அந்நாட்டின் தலைநகரம். இயேசுநாதர் பேசிய அரமேய மொழியின் ஒரு வழக்கை மஃலூலா என்னும் மலையூரார் இன்றளவும் பேசிவருகின்றனர். 1925இற் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராய் மூண்ட பெருங்கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சுல்தான் அல்அத்ரஷ் ஒரு துரூசியர். 1944இலும் 1954இலும் பிரதமராகப் பதவியேற்ற பாரிஸ் அல்கூரி ஒரு கிறிஸ்தவர். ஆகவே, தம்மைக் காக்க ஒரு சர்வாதிகாரி வேண்டும் என்னும் எண்ணம் இச்சமூகங்களின் பிறவிக் குணமாகாது. அது பிற்காலத்தில் விதைக்கப்பட்டு, நீர் வார்த்து வளர்க்கப்பட்டது.

1970ஆம் ஆண்டு நவம்பரில் ஆட்சியைக் கைப்பற்றிய ஹாபிஸ் அல்அசாத் அலவி சமூகத்திற் பிறந்தவர். வறிய மலையூர்களின் அலவி இளைஞர்க்கு வறுமையினின்றும் ஏறிவர இராணுவமே ஏணியாய் இருந்தது. அவ்வேணியின் மேற்படிகளில் அவர் தம் நம்பிக்கைக்குரியோரை அமர்த்தினார். இதனால் அலவியர் அனைவரும் அரசாண்டனர் என்று கொள்வது பெரும்பிழை. அவருக்கு முன் அதிகாரம் செலுத்திய சலாஹ் ஜதீதும் அலவியரே. 1970இற் சிறைப்பட்ட அவர், 1993இல் இறக்கும்வரை வெளியுலகைக் காணவில்லை. அலவியரான பொருளியற் பேராசிரியர் ஆரிப் தலீலா, 2001இற் சீர்திருத்தம் வேண்டிக் குரலெழுப்பியமைக்காக ஏறத்தாழ ஏழாண்டுகள் சிறையிருந்தார். மறுபுறம், தமஸ்குவிலும் அலெப்போவிலும் வாழ்ந்த சுன்னி வணிகர் பலர் ஆட்சியோடு இணங்கி வளம் பெற்றனர். மதத்தை மட்டுங் கொண்டு விசுவாசத்தை அளத்தல் பொருந்தாதென்பதற்கு இவையே சான்று.

எனினும் அச்சம் உண்மையானது. 2003இல் அயல்நாடான ஈராக்கில் ஆட்சி வீழ்ந்தபின் அங்குள்ள தேவாலயங்கள் குண்டுகளுக்கு இரையாயின. கிறிஸ்தவக் குடும்பங்கள் பல சிரியாவுக்கே அகதிகளாக வந்தன. அவர்தம் கதையைக் கேட்டவர்க்கு எதிர்காலம் இருளாய்த் தோன்றியதில் வியப்பில்லை. 2000இல் தந்தையின் ஆசனத்தில் ஏறிய பஷார் அல்அசாத்தின் ஆட்சி அவ்வச்சத்தைத் தணிக்க முயன்றதா? அமைதியாகக் கிளர்ந்த இளைஞரைச் சிறையில் அடைத்த அதே 2011இல், சைத்னாயாச் சிறையிலிருந்த மதத் தீவிரவாதிகள் சிலரை அது விடுதலை செய்தது. அவ்வாறு வெளிவந்த ஸஹ்ரான் அல்லூஷ் பின்னர் ஓர் ஆயுதப்படைக்குத் தலைவரானார். 2013 ஏப்பிரலில் அலெப்போவுக்கு அண்மையில் இரு ஆயர்கள் கடத்தப்பட்டனர். செப்ரெம்பரில் மஃலூலா தாக்கப்பட்டது. அரசு முன்கூட்டி அச்சுறுத்திய பூதம் மெய்யாகவே வாயிலில் வந்து நின்றது.

கொடுங்கோன்மையை உரைக்கப் புகுந்த வள்ளுவர், குடிகளிடம் பொருள் வேண்டும் மன்னனை வேலேந்தி நிற்கும் வழிப்பறிக்காரனுக்கு ஒப்பிட்டார். விசுவாசம் வேண்டும் சர்வாதிகாரிக்கும் அவ்வுவமை பொருந்தும். ஒன்றே வேறுபாடு: இவன் தன் வேலை மறைத்துக்கொண்டு, அயலவன் கையிலே வேல் இருக்கிறது பார் என்று காட்டுகிறான். காவலன் என்று தன்னை அழைத்துக்கொள்பவனுக்கு ஆபத்து என்றும் நிலைத்திருத்தல் வேண்டும். ஆபத்து நீங்கின் அவன் வேலையும் நீங்கிவிடும். அவன் காத்தது சமூகத்தையா, சமூகத்தைப் பணயமாக வைத்துத் தன் ஆசனத்தையா?

இவ்வினா இலக்கிய உலகையும் பிளந்தது. அடோனிஸ் என்னும் புனைபெயராற் புகழ்பெற்ற கவிஞரும், நாவலாசிரியை சமர் யஸ்பெக்கும் அலவி சமூகத்திற் பிறந்தவர்கள். அடோனிஸ் 2011 யூனில் அதிபருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆயினும், பள்ளிவாசலிலிருந்து புறப்படும் கிளர்ச்சியை அவரால் நம்ப இயலவில்லை. மக்கள் கூடுவதற்குப் பள்ளிவாசலைத் தவிர வேறிடத்தை ஆட்சி விட்டுவைக்கவில்லையே என்பது அவரை மறுத்தோர் வாதம். யஸ்பெக் கிளர்ச்சியாளரிடையே சென்று, கண்டதைத் தினக்குறிப்பாக எழுதினார். தம் சமூகத்தாராலேயே துரோகி எனத் தூற்றப்பட்டார். ஈற்றில் நாட்டைவிட்டு வெளியேறினார். அலவியரான நடிகை பத்வா சுலைமான், ஹோம்ஸ் நகரில் சுன்னி இளைஞரான உதைபந்தாட்ட வீரர் அப்துல் பாசித் அல்சாரூத்துடன் ஒரே மேடையில் நின்று முழங்கினார். 2017இற் பாரிஸ் நகரில் நோயுற்று மறைந்தார். சமூகத்தின் பெயரால் ஆட்சி பேசியபோது, அப்பெயரைத் திருப்பிக் கேட்டவர்கள் இவர்கள். அதற்கு இவர்கள் செலுத்திய விலை, வாளாவிருந்தோர் ஏன் வாளாவிருந்தனர் என்பதையும் விளக்குகின்றது.

2024 திசெம்பர் 8ஆம் நாள் பஷார் நாட்டைவிட்டு மொஸ்கோவுக்கு ஓடினார். தம்மைக் காவலனாக நம்பியோரை அவர் உடனழைத்துச் செல்லவில்லை. 2025 மார்ச்சில், பழைய ஆட்சியின் ஆயுததாரிகள் புதிய அரசின் படையினரைத் தாக்கினர். அதைத் தொடர்ந்து கடற்கரை மாவட்டங்களில் நடந்த கொலைகளில் ஏறத்தாழ 1,400 பேர் மாண்டனர்; அவருட் பெரும்பாலோர் அலவிக் குடிமக்கள். யூன் 22இல் தமஸ்குவின் மார் எலியாஸ் தேவாலயத்திற் குண்டு வெடித்து 25 பேர் இறந்தனர். யூலையிற் துரூசியரின் சுவெய்தாவிலும் குருதி பெருகியது.

"சர்வாதிகாரி சொன்னது மெய்யாயிற்றே!" என்பர் சிலர். அரை நூற்றாண்டாகப் பகையைப் பயிரிட்டவன், விளைவைச் சுட்டித் தன்னைத் தீர்க்கதரிசி என்பது எங்ஙனம் பொருந்தும்? அதேவேளை, பணயமாக வைக்கப்பட்டவரைப் பிடித்து வைத்தவனின் பங்காளி எனத் தண்டித்தல் அக்கொடுமையை இரட்டிப்பாக்குவதாகும். சித்திரவதை செய்தவன் எச்சமூகத்தவனாயினும் பெயர் சொல்லி நீதிமன்றில் நிறுத்தப்படல் வேண்டும். அவன் பிறந்த ஊரைத் தண்டித்தல் நீதியாகாது. மார்ச்சிற் கொன்றவர்க்கும் இதுவே விதி.

2011இன் பெரிய வெள்ளியன்று விடுக்கப்பட்ட அழைப்பு பொய்யானதன்று. அதற்காக உயிர் துறந்தோர் உளர். அதனைச் சட்டமாகவும் வாழ்வாகவும் ஆக்குங் கடன் இப்போது ஆள்வோரைச் சார்ந்தது. எவருடைய தயவுமின்றி ஓர் அலவித் தாயும் ஒரு கிறிஸ்தவத் தாயும் இரவிற் கதவைத் திறந்து வைத்து உறங்கும் நாளிலேதான் சிரியாவின் சர்வாதிகாரம் முற்றாக வீழ்ந்தது எனலாம்.